கீழே இருந்த ஏழு பெயர்கள்

சோலையம்மாள் டி.சி. வாங்க வந்த அன்று அவளுடைய அப்பா முத்திருளனும் கூட வந்திருந்தார். கல்லூரி அலுவலகத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அவருக்கு முகமே சிவந்துபோயிருந்தது. உள்ளே எழுத்தர் பேச்சிமுத்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

1987 ஆடி மாதம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் செட் மூன்றாம் ஆண்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கல்லூரி திருமங்கலத்துக்கு வடக்கே, கரிசல் காட்டின் நடுவே இருந்தது. இரண்டு மாடிக் கட்டடம், பூச்சு இன்னும் முடியாத மூன்றாவது மாடி, பையன்களுக்கு ஒரு விடுதி. பெண்களுக்கு வளாகத்தில் விடுதி கிடையாது. திருமங்கலம் ஊருக்குள் ஒரு வாடகை வீட்டைப் பிடித்து அதற்கு லேடீஸ் ஹாஸ்டல் என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

படிவத்தில் சோலையம்மாள் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தாள். கடைசியில் 'விலகுவதற்கான காரணம்' என்று இருந்த இடத்தில் பேனா நின்றது.

"சொந்தக் காரணம்னு போடும்மா," என்றார் பேச்சிமுத்து.

பக்கத்தில் நின்றிருந்த வகுப்புத் தோழி தங்கப்பொண்ணு அவள் கையைப் பிடித்தாள். "எழுதாத."

"பெறகு என்னத்த எழுதச் சொல்ற?"

"லேப்புல உக்கார விடல, அதனால பெயிலானேன்னு எழுது."

பேச்சிமுத்து மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. ஸ்காலர்ஷிப் தாள்களை மதுரைக்கு அனுப்ப வேண்டிய நாளை ஞாபகமாகச் சொல்லிவிடுகிற மனிதர். "பாப்பா, கட்டம் இம்புட்டுத்தான். ரெண்டு வார்த்தைக்கு மேல பிடிக்காது. இதுக்கு முன்னாடி போன நாலு பிள்ளைகளும் அதத்தான் எழுதிக் குடுத்துச்சுக."

"நாலு பேருக்கும் ஒரே சொந்தக் காரணமாண்ணே?"

அவர் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். சோலையம்மாள் கையை உதறி விடுவித்துக்கொண்டு அந்த இரண்டு வார்த்தைகளையும் எழுதினாள். அவளுடைய கையெழுத்து அச்சுப் போல இருக்கும். இரண்டு வருஷமாக வகுப்பில் பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டை அவள்தான் எழுதியிருக்கிறாள்.

வெளியே வந்ததும் முத்திருளன் தங்கப்பொண்ணைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார். "நான் ஒண்ணும் படிக்க வேணாம்னு சொல்லல. ரெண்டு வாட்டி பெயிலுங்கிறாக. ஊருக்குள்ள இம்புட்டு நாளா எம்மக இஞ்சினியருக்குப் படிக்குதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான்."

"அவ பெயிலாகுற ஆளு இல்ல மாமா," என்றாள் தங்கப்பொண்ணு. மாமா என்ற சொல் வாயில் வந்த பிறகுதான், அவர் ஊரில் தன் ஆட்கள் அவரை அப்படிக் கூப்பிட முடியாது என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்.

ஒன்பது பெண்கள் சேர்ந்த வகுப்பில் நாலு பேர் மிச்சம்.

எப்படிப் பெயிலானாள் என்பதைச் சொன்னால்தான் தங்கப்பொண்ணுக்கு ஏன் அந்த அளவு கோபம் வந்தது என்று புரியும். இரண்டாம் ஆண்டில் பாஸ்கல் செய்முறைத் தேர்வு. ஏ.சி. போட்ட அறையில் எட்டு டெர்மினல்கள். சோலையம்மாளுக்கு வந்த கேள்வி, பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது. தாளில் இருபதே நிமிஷத்தில் எழுதிவிட்டாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வரிவரியாகப் பார்த்து, "சரியா இருக்கு, அடிச்சு ஓட்டிக் காட்டு," என்றார். அங்கேதான் எல்லாம் கெட்டது. அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். எழுபது வரி. அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் முக்காற்புள்ளி விழுந்தது. அடித்து முடித்த பிறகு அந்த நிலையிலிருந்து வெளியே வர எந்தக் கீயை அழுத்துவது என்று தெரியவில்லை. திரையில் பச்சைக் கோடு கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. மூன்று மணி நேரம் முடிந்தது. நாலாம் பருவத்தில் மறுபடி எழுதினாள். அன்றைக்குப் பயத்தில் தாளில் எழுதியதே தப்பாகப் போனது.

தெரியாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கு வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம் லேப். ஒரு டெர்மினலுக்கு இரண்டு பேர். ஒரு பையன், ஒரு பெண் என்று போட்டால் பையன் கீபோர்டுக்கு முன்னால் உட்காருவான். பெண் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. முதல் நாள் அப்படி உட்கார்ந்தார்கள், பிறகு அதுவே இடமாகிவிட்டது. வகுப்பு நேரம் போக, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை வரை லேப் எல்லாருக்கும் திறந்திருக்கும். பெண்களின் பஸ் நாலே முக்காலுக்குக் கிளம்பிவிடும். ஆறு மணிக்கு வார்டன் ஆஜர் எடுப்பார். ஆறு ஐந்துக்கு வந்தால் வீட்டுக்குக் கடிதம் போகும்.

தங்கப்பொண்ணு மட்டும் எப்படித் தேறினாள் என்றால், பள்ளி முடித்த விடுமுறையில் வாடிப்பட்டியில் டைப்ரைட்டிங் படித்திருந்தாள். அப்பா வீரணன் ரயில்வேயில் கேங்மேன். பிள்ளைக்கு டைப் தெரிந்தால் ஏதாவது ஆபீசில் வேலை கிடைக்கும் என்று சேர்த்துவிட்டார். பரீட்சையில் அந்த விரல்கள் காப்பாற்றின.

சோலையம்மாள் போன மறுநாள் தங்கப்பொண்ணு லேப் பொறுப்பாளர் நல்லகாமன் சாரைப் பார்க்கப் போனாள்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா," என்றார் அவர். "அஞ்சரைக்குத் திறந்திருக்கு. யாரு வேணா வரலாம். பொம்பளப் பிள்ளைக வரக்கூடாதுன்னு நான் போர்டு மாட்டியிருக்கேனா?"

"பஸ் நாலே முக்காலுக்குப் போயிருது சார்."

"அது டிரான்ஸ்போர்ட்டு. என்கிட்ட ஏன் சொல்ற?"

"டிரான்ஸ்போர்ட்டுல கேட்டேன் சார். வார்டன் சொன்னா நிறுத்துவோம்ங்கிறாக. வார்டன், முதல்வர் சொல்லணும்ங்கிறாக. முதல்வர் ரூமுல, லேப் இன்சார்ஜைப் பாருன்னாக."

நல்லகாமன் சார் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "உனக்கென்ன, நீ பாஸு. நல்லா படிக்கிற பிள்ளை. ஒருத்தி படிக்க முடியலன்னு போனா அதுக்கு கம்ப்யூட்டர் என்ன செய்யும்?"

அவள் வெளியே வந்தாள். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் நூலால் கட்டிய பேனாவோடு ஒரு பதிவேடு. லேபுக்குள் போகிறவர்கள் எல்லாரும் பெயர், நாள், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவளும் வாரம் ஒருமுறை போட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் அதை முன்பக்கத்திலிருந்து புரட்டினாள்.

அடுத்த பன்னிரண்டு மதிய இடைவேளைகளில், சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடந்த ஒரு வருஷப் பதிவு முழுவதையும் இரண்டு நோட்டில் எழுதி எடுத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. பெண் பிள்ளைகள் எதையாவது பார்த்து எழுதிக்கொண்டிருப்பது அங்கே வழக்கமான காட்சி.

பிறகு வந்த லேப் வகுப்பில், அவளோடு ஒரே டெர்மினலில் உட்காருகிற தவசி எப்போதும் போல நாற்காலியை இழுத்தான். அவள் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன? நீ சொல்லு, நான் அடிக்கிறேன்," என்றான்.

"இன்னைக்கு நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

"உனக்கு லேட்டாகும்."

அவள் அடிக்கத் தொடங்கினாள். பத்து விரலும் பார்க்காமல் ஓடின. தவசி இரண்டு விரலால் அடிக்கிறவன். ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு டைப் தெரியும் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அப்ப ஏன் சொல்லல?" என்று கேட்டான். நீ ஏன் கேட்கவில்லை என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அதற்கெல்லாம் நேரம் இல்லை. அன்றைய பயிற்சியை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் தன் நோட்டைத் திறந்தாள்.

நாலு வாரம் அப்படிப் போனது. பெயர்களையும் நேரங்களையும் ஏற்றினாள். ஆளுக்கு எத்தனை மணி நேரம் என்று கூட்டி, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு அடுக்கச் சொல்லி ஒரு புரோகிராம் எழுதினாள். தவசி இடையில் எட்டிப் பார்த்து, "இது எந்த எக்சர்சைஸ்?" என்றான். "சார்ட்டிங்," என்றாள். பொய் இல்லை.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் அது ஓடியது. மூலையில் இருந்த பிரின்டர் கரகரவென்று ஒரு நீளத் தாளைத் துப்பியது. முப்பத்தெட்டுப் பெயர்கள். முதல் ஆண்டிலேயே போன இரண்டு பெண்கள் அதில் இல்லை. முதல் பெயருக்கு நேராக முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். முப்பத்தொன்றாவது பெயருக்கு நேராக நூற்று நாலு. அதுவரை எல்லாம் பையன்கள். அதற்குக் கீழே ஏழு பெயர்கள். அறுபது, அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு என்று போய், வருஷத்தின் நடுவில் விலகிய ஒருத்தியோடு முடிந்தது. ஐம்பத்தெட்டு சோலையம்மாள். அறுபதில் ஒன்று தங்கப்பொண்ணு. வகுப்பு நேரத்தில் ஒன்றைக்கூட விடாமல் வந்தவள். அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இல்லாதவள்.

தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அதைத் தாளில் பார்ப்பது வேறாக இருந்தது. கூட ஒரு வரி அச்சடித்திருந்தால் அழுதிருப்பாள். அழக்கூடாது என்று தாளை மடித்தாள்.

விடுதியில் தன் வகுப்பில் மிச்சம் இருந்த மூன்று பேரிடமும் காட்டினாள். முதல்வருக்கு மனு எழுதலாம் என்றதும் ரெங்கம்மாளும் இருளாயியும் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். ஒச்சம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுல ஒரு கடுதாசி வந்தாப் போதும், பெட்டியக் கட்டிருவாக," என்றாள். தங்கப்பொண்ணு அவளிடம் கோபப்படவில்லை; அந்தக் கோபத்தையும் சேர்த்து மனுவில் எழுதினாள். பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது பஸ்ஸை எட்டே முக்காலுக்கு விட வேண்டும், அல்லது வேறு நேரத்தில் லேபைத் திறக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டது. பட்டியலைப் பின்னால் வைத்துத் தைத்து முதல்வர் அறையில் கொடுத்தாள்.

நாலாம் நாள் அவளைக் கூப்பிடவில்லை. அவள் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

வீரணன் காக்கி உடுப்போடு வந்தார். வேலையிலிருந்து அப்படியே ரயிலேறி, மதுரையில் இறங்கி பஸ் பிடித்து வந்திருந்தார். முதல்வருக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவரை உட்காரச் சொல்லவில்லை. தங்கப்பொண்ணு ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உம் பொண்ணு என்ன செஞ்சிருக்குன்னு தெரியுமா?" என்றார் முதல்வர். "காலேஜ் கம்ப்யூட்டர சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கு. ஆபீஸ் ரெக்கார்டை அனுமதியில்லாமக் காப்பி எடுத்திருக்கு. ஸ்காலர்ஷிப்புல படிக்கிற பொண்ணு. வருஷா வருஷம் நடத்தை சர்டிபிகேட் நான்தான் கையெழுத்துப் போடணும். அதையாவது நெனைச்சுப் பாக்க வேணாமா?"

"தப்புன்னா எழுதிக் குடுத்துரும்ங்க," என்றார் வீரணன். பிறகு, "அந்தத் தாள்ல இருக்கறது பொய்யிங்களா சார்?" என்று கேட்டார்.

"அது பிரச்சினை இல்ல."

"இல்ல, பொய்யின்னா அதுக்கும் சேத்து எழுதச் சொல்லலாம்னு கேட்டேன்."

முதல்வர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி கேலியா, அப்பாவித்தனமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை மேசையில் தள்ளினார். தங்கப்பொண்ணு நின்றபடியே குனிந்து எழுதினாள். 'கல்லூரிக் கணிப்பொறியில் அனுமதியின்றிப் பட்டியல் தயாரித்தமைக்கு வருந்துகிறேன். பட்டியலில் உள்ளவை சரியானவை.'

முதல்வர் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டாவது வரியை மட்டும் அடித்தார். பிறகு அதைக் கோப்பில் வைத்தார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது வீரணன் நடுரோட்டில் நின்றுவிட்டார். "அந்த ரெண்டாவது வரி எதுக்கு?"

"உண்மைதானப்பா."

"உண்மைன்னு எனக்குத் தெரியாதா? சர்டிபிகேட்டுல கைய வச்சான்னா என்ன செய்வ? அம்புட்டுத் தூரம் வந்து, அந்தாளு முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நின்னேன்ல, அது எதுக்கு?" அவர் குரல் ஏறியது. மகளை அவர் ரோட்டில் வைத்துத் திட்டியது அதுதான் முதல் தடவை. "நிக்கிறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. உனக்குப் பழகிறக்கூடாதுன்னுதான் இங்க அனுப்புனேன். நீ நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற."

 அவரை நிற்க வைத்துப் பேசிய அந்த ஆள்மேல் வந்த கோபம், அவரைக் கூப்பிட வைத்துவிட்டோமே என்று தன்மேலும் திரும்பியது. பஸ் வந்தது. "வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். மாணவ மாணவியர் அனைவரையும் சமமாக நடத்தும் பொருட்டு, மாலை நேர லேப் வசதி இன்று முதல் நிறுத்தப்படுகிறது.

அவள் அதை மூன்று முறை படித்தாள். பின்னால் யாரோ, "படிச்சுக்க, படிச்சுக்க. உன் சாதனைதான்," என்றான். அன்று மதியம் அவளுடைய பெஞ்சில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். அவளைப் பற்றி எழுதியிருந்தார்கள், அவள் அப்பாவின் வேலையை எழுதியிருந்தார்கள், அதற்குக் கீழே அவள் தெருவையும் எழுதியிருந்தார்கள். அவள் கைக்குட்டையால் துடைக்கவில்லை. அதன்மேலேயே நோட்டை வைத்து எழுதினாள். பாவாடை தாவணியெல்லாம் சாக்பீஸ் ஆனது.

ஒரு வாரம் கழித்துத் தவசி மட்டும் நேரே வந்து கேட்டான். "உனக்குக் கிடைக்கலன்னா எங்களுக்கும் கிடைக்கக் கூடாதா?"

"உங்களுக்குக் கூடாதுன்னு நான் எங்க எழுதுனேன்? மனு உள்ளதான் இருக்கு, போய்ப் படி."

"எப்படியோ, எல்லாருக்கும் போச்சு."

"ஒரு வாரத்துக்கே உனக்கு இம்புட்டு வலிக்குதா தவசி?" என்றாள். "எங்களுக்கு ரெண்டு வருஷம்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு நண்பர்களோடு போய்விட்டான்.

ஆனால் அவனுக்கும் ரொம்ப நாள் வலிக்கவில்லை. அது தங்கப்பொண்ணுக்கு மாயக்காள் மூலம் தெரிந்தது. மாயக்காள் லேபைக் கூட்டித் துடைக்கிறவள்; பக்கத்துக் கிராமத்துக்காரி. மதியம் வராண்டாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவள், பேச்சுவாக்கில் சலித்துக்கொண்டாள்.

"லேப்ப மூடியாச்சுங்கிறாக. காலையில வந்து பாத்தா, டீ குடிச்ச டம்ளரு ஏழெட்டுக் கிடக்கு. பீடித் துண்டு வேற. எவன் வந்து குடிக்கிறானோ."

"சாயங்காலம் பையன்க வாரான்களாக்கா?"

"பெறகு யாரு, பேயா வருது? பின்கதவு சாவி ஹாஸ்டல்லதான இருக்கு. அந்தச் சாரே குடுத்திருக்காராம்."

தங்கப்பொண்ணு எழுந்து லேப் வாசலுக்குப் போனாள். பதிவேட்டைத் திறந்தாள். சுற்றறிக்கை தேதிக்குப் பிறகு சாயங்கால நேரத்தில் ஒரு பெயர்கூட இல்லை. பையன்கள் உள்ளே போகிறார்கள். எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். அவள் கொடுத்த பட்டியலிலிருந்து கல்லூரி கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

அவள் திரும்பி வந்தபோது முகம் எப்படி இருந்ததோ, மாயக்காள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னத்தா ஆச்சு?" என்றாள்.

"நீ காலையில எத்தன மணிக்கு வருவ?"

"ஏழு மணிக்குத் திறந்து ஏசியப் போட்டுருவேன். ரூம்பு குளுந்து கிடக்கணுமாம்ல மிசினுக்கு. ஒம்பது மணி வரைக்கும் ஒரு ஈ காக்கா வராது."

"தெனமுமா?"

"நான் வேலைக்கு வந்த நாள்லருந்து."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தங்கப்பொண்ணு குளித்து, நெற்றியில் திருநீறு பூசி விடுதி வாசலுக்கு வந்தாள். வார்டன் எங்கே என்று கேட்டார். கோயிலுக்கு என்றாள். கதவு உடனே திறந்தது. கோயிலுக்குப் போகிற பெண்ணுக்கு ஊரில் எந்தப் பயமும் இல்லை போலும். அவள் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஆறரை மணி மதுரை பஸ்ஸில் ஏறினாள். ஏழு மணிக்கு மாயக்காள் துடைத்துக்கொண்டிருந்த ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து, ஒன்றாம் டெர்மினலில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதியிருந்தாள், பெரிய எழுத்தில்.

மூன்றாம் நாள் இருளாயியும் ரெங்கம்மாளும் வந்தார்கள். ஒரு வாரம் கழித்து ஒச்சம்மாளும் வந்தாள். பத்தாம் நாள் நல்லகாமன் சார் சீக்கிரமே வந்துவிட்டார். நாலு பேரும் நாலு டெர்மினலில் இருப்பதைப் பார்த்து வாசலில் நின்றார்.

"யாரு பெர்மிஷன் குடுத்தது?"

மற்ற மூவரும் எழுந்துவிட்டார்கள். தங்கப்பொண்ணும் எழுந்தாள், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. "சாயங்காலம் வர்றவங்களுக்கு யாரு குடுத்தாங்களோ, அவங்கதான் சார்."

"சாயங்காலம் யாரும் வர்றதில்ல."

"பதிவேட்டுல இல்ல சார். டீ டம்ளர் இருக்கு. சாவி எங்க இருக்குன்னும் தெரியும். இந்தத் தடவை முதல்வருக்கு எழுத மாட்டேன். யுனிவர்சிட்டிக்கு எழுதுவேன். நாலு பேரும் கையெழுத்துப் போடுவோம்."

நாலு பேர் என்று சொன்னதும் அவள் ஒச்சம்மாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் பயந்துவிடுவாள் என்று தெரியும். பின்னாலிருந்து ஒச்சம்மாளின் குரல் மெதுவாக வந்தது. "ஆமா சார்."

நல்லகாமன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்பதுக்கு முன்னாடி எந்திரிச்சிரணும்," என்றார். "எழுத்துல எல்லாம் தர முடியாது." போய்விட்டார்.

மற்ற மூவரும் சிரித்துக் கைதட்டிக்கொண்டார்கள். தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம் தினமும் இரண்டு மணி நேரம் அந்த அறை குளிர்ந்து காலியாகக் கிடந்திருக்கிறது. யாருக்கும் ஒரு செலவும் இல்லை, யாரும் எதையும் இழந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் ஐந்து பேர் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பேச்சிமுத்துவிடம் கேட்டு வாங்கிய மறுசேர்க்கைப் படிவத்தோடு செக்கானூரணி பஸ்ஸில் ஏறினாள். விலகிய ஒரு வருஷத்துக்குள் திரும்பச் சேரலாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார். இறங்கி இரண்டு மைல் நடை. சோலையம்மாள் வீட்டு முற்றத்தில் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தது. அவள் ஒரு சாக்கில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். முத்திருளன் ஊரில் இல்லை. அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுச் செம்பில்தான் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் ஒரு நொடி தயங்கினாள்.

தங்கப்பொண்ணு நடந்ததையெல்லாம் சொன்னாள். பட்டியல், முதல்வர், பெஞ்சு, மாயக்காள், காலை ஏழு மணி. சோலையம்மாள் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். படிவத்தை நீட்டியபோதுதான் கையை நிறுத்தினாள்.

"தை மாசம் எனக்குக் கல்யாணம்," என்றாள். "மாப்ள உசிலம்பட்டியில உரக்கடை."

"அவர்ட்ட பேசலாம். ரெண்டு வருஷம்தான இன்னும்."

"மாயக்கா எப்பருந்து அங்க கூட்டுது?"

"காலேஜ் திறந்ததுலருந்து."

"நான் ரெண்டு தடவ பெயிலானேன். அப்பயும் அது அங்கதான் கூட்டிக்கிட்டு இருந்துச்சு." சோலையம்மாள் அவளை முதல் தடவையாக நேரே பார்த்தாள். "நீ பாஸு. பாஸான சந்தோஷத்துல இருந்த. எனக்கு ஆறுதல் சொன்ன, அடுத்த தடவ எழுதிறலாம்டின்னு. அந்தக் கோவமெல்லாம் உனக்கு எப்ப வந்துச்சு? நான் பெட்டியத் தூக்குன பெறகு."

தங்கப்பொண்ணு நீட்டிய படிவத்தைத் தரையில் வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே வந்துச்சு," என்றாள் சோலையம்மாள். "காட்டுறதுக்குத்தான் எடமில்ல. ரெண்டு வாட்டி பெயிலானவ கோவப்பட்டா யாரு கேப்பா? அன்னைக்கு ஆபீஸ்ல வச்சு அத எழுது, இத எழுதுன்னு என் கையப் பிடிக்கிற. ஒரு வருஷத்துக்கு முன்னால அந்த வாத்தியான் கையத்தான பிடிச்சிருக்கணும் நீ."

அம்மா வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். சோலையம்மாள் மறுபடி காம்பைக் கிள்ளத் தொடங்கினாள். படிவம் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அவள் அதன்மேல் ஒரு கைப்பிடி வற்றலை வைத்தாள். எடுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

"நீ போ. கடைசி பஸ் போயிரும்," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த தங்கப்பொண்ணு தனக்குள் எத்தனையோ பதில் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. சோலையம்மாள் சொன்னது அத்தனையும் சரி.

அந்தப் படிவம் திரும்பி வரவில்லை. தையில் கல்யாணம் நடந்தது. தங்கப்பொண்ணுக்குப் பத்திரிகை வந்தது, அவள் போனாள், முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். எழுத்தில் அனுமதி கடைசி வரை வரவில்லை. 1989இல் அவர்கள் நாலு பேரில் மூன்று பேர் முதல் வகுப்பில் தேறினார்கள். ஒச்சம்மாள் ஒரு பாடத்தை மறுபடி எழுதி அடுத்த வருஷம் முடித்தாள்.

ஆனால் செக்கானூரணியிலிருந்து திரும்பிய மறுநாள், திங்கட்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். அதிகாலை ஐந்தரைக்குத் தங்கப்பொண்ணு விடுதி மாடியில் இரண்டாம் ஆண்டுப் பெண்களின் அறைக் கதவைத் தட்டினாள். அவர்கள் அந்தப் பருவத்தில்தான் பாஸ்கல் தொடங்கியிருந்தார்கள். அதுவரை அவள் காலை லேபைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆள் கூடினால் தனக்குக் கிடைத்ததைக் கல்லூரி பறித்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"எந்திரிங்க. ஆறரை பஸ்."

"நாளைக்கு வாரோம்க்கா," என்று போர்வைக்குள்ளிருந்து ஒருத்தி முனகினாள். "எங்களுக்கு டெஸ்டே அடுத்த மாசம்தான்."

தங்கப்பொண்ணு போர்வையைப் பிடித்து இழுத்து மூலையில் எறிந்தாள். விளக்கைப் போட்டாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. அன்று ஆறரை மணி பஸ்ஸில் ஒன்பது பேர் ஏறினார்கள். எட்டு டெர்மினல்தான் இருந்தது. அவள் நின்றுகொண்டாள்.